நான்காவது விதி

ஜூன் 10, திங்கள்

இந்த நாட்குறிப்பில் உண்மையைத் தவிர வேறெதையும் எழுத மாட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி, ஒன்று விடாமல் எழுதுவேன்.

என் பெயர் செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. அம்மாவின் பெயர் பிரம்மசக்தி. எங்கள் ஊரின் ஒரே கிளினிக்கில் அவள்தான் சிஸ்டர். டோக்கன் கொடுப்பது, ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் அவள். அப்பா கொல்லத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். பள்ளி விட்டதும் நான் கிளினிக்குக்குப் போய், மருந்து அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வேலை முடிந்ததும் அம்மாவும் நானும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம்.

இன்று புது டாக்டர் வந்தார். பெயர் ஹெப்சிபா. பழைய டாக்டர் ஐயா மகன் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். ஹெப்சிபா டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்து, நாற்காலியில் உட்காராமல், அறைக்குள் இருந்த நீள பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இது எதுக்கு?"

"அடுத்து பாக்க வேண்டியவங்க உக்காருவாங்க டாக்டர்."

"உள்ளேயா? நான் ஒருத்தரைப் பாக்கும்போதா?"

"எப்பவும் அப்படித்தான்."

உண்மையில் அப்படித்தான். பழைய டாக்டர் ஐயா "வயித்தால போகுதா?" என்று ஒருவரைக் கேட்டால் பெஞ்சே பதில் சொல்லும். "காலையில இருந்து போகுது ஐயா, நாங்களும் பாத்தோம்லா" என்பார்கள். யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் பெஞ்சுக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு முனையைப் பிடித்தார், அம்மா மறுமுனையைப் பிடித்தாள். பெஞ்சு வெளி வராண்டாவுக்குப் போனது. பிறகு டாக்டர் கதவைச் சாத்தினார். அந்த அறைக்கு ஒரு கதவு இருந்ததே எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை வருடமாக அது சுவரோடு சுவராகக் கிடந்தது. அதன் மேல் காலண்டர் தொங்கியது. சாத்தியதும் வராண்டாவில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கோயிலில் திரை போட்டதும் வருமே ஓர் அமைதி, அது போல.

ஜூன் 12, புதன்

கதவு சாத்தியிருப்பது ஊருக்குப் பிடிக்கவில்லை. பெரிய வியாதிக்காரர்களைத்தான் கதவைச் சாத்திப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார்கள். ஆகையால் உள்ளே போகிறவர்கள் வெளியே கேட்கும்படி கத்துகிறார்கள். ரேஷன் கடைக்காரர் உள்ளேயிருந்து, "வெறும் சளிதான் டாக்டரம்மா, வெறும் சளி!" என்று கூவியது எனக்கே கேட்டது. வெளியே வரும்போது ஒவ்வொருவரும், "வாய்வுதான்", "பித்தம்தான்" என்று அறிவித்துவிட்டுப் போகிறார்கள். எதையும் சொல்லாமல் தலையைக் குனிந்து போகிறவரை எல்லோரும் தெருமுனை வரை பார்க்கிறார்கள்.

அதிகம் கோபப்பட்டவர் கல்யாணத் தரகர் சுடலைமுத்து மாமா. தோல் பையும் குடையுமாக வருவார். தினமும் இருமிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும், "எனக்கு அவசரமில்லை, நீங்க போங்க" என்று அடுத்தவருக்கு வழிவிட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் என்ன வியாதி என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

"என்ன சக்தி, பெஞ்ச வெளிய போட்டுட்டிய. என் பொழப்பையும் வெளிய போட்டுட்டிய" என்றார்.

"இருமல் நல்லாயிருச்சா அண்ணாச்சி?" என்றாள் அம்மா.

ஜூன் 15, சனி

இன்று எனக்கு ஒரு பெரும் பொறுப்பு கிடைத்தது. கிளினிக்கின் விதிமுறைகளை எழுதி மாட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா, "வல்லி கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றாள். வெள்ளைச் சார்ட்டில் நீல மையால் எழுதினேன். டோக்கன் வரிசைப்படி பார்க்கப்படும். மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே வரவேண்டும். நான்காவதை டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் எதுவும் சொல்லப்பட மாட்டாது. உறவினரே ஆனாலும்."

"நல்ல விஷயமா இருந்தாலும் சொல்லக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எதுவும்னா எதுவும்தான்மா."

அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பில் எழுதலாமா என்று கேட்டேன். எல்லா விதியும் ஒரே நிறத்தில் இருக்கட்டும் என்றார். பூச்சிமருந்துக்கும் சளிக்கும் அதே கதவு, அதே சாத்தல் என்றும் சொன்னார். அது எனக்குப் புரியவில்லை. பிறகு அம்மா விளக்கினாள்: பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவந்தாலும் சளிக்கு வந்தவரானாலும் கதவு ஒன்றுதான். யாருக்காகச் சாத்துகிறார்கள் என்று கதவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியக் கூடாது.

இதை யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறேன். ஒரு கதவுக்குள் இவ்வளவு அறிவு இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

கத்துவது குறைந்துவிட்டது. ரேஷன் கடைக்காரர் இன்று ஒன்றும் சொல்லாமலே வெளியே வந்தார்.

ஜூலை 3, புதன்

கணக்கு வாசுகி டீச்சர் இன்று தேற்றம் நடத்தினார். பாதி வரியில் சாக்பீஸ் பலகையைத் தொட்டபடியே அப்படியே நின்றார். கண் எங்கோ இருந்தது. பின் பெஞ்சில் சிரித்தார்கள். சற்று நேரத்தில் டீச்சர் திரும்பி, "எங்க விட்டேன்?" என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். கணித மேதைகளுக்கு இப்படி நேரும் என்று படித்திருக்கிறேன். எண்களின் உலகத்துக்கே போய்விடுவார்களாம். டீச்சருக்கு ஆவணியில் கல்யாணம் ஆகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளைக்குக் கணக்கு பிடிக்குமோ என்னவோ.

ஜூலை 5, வெள்ளி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாலையில் கிளினிக்கில் கூட்டம் இல்லை. அம்மா உள்ளேயிருந்து, "வல்லி, ஓடி வா, டாக்டரைக் கூப்பிடு" என்று கத்தினாள். கட்டுக் கட்டும் அறையில் ஒருவர் தரையில் கிடந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தெருவில் இப்படி ஆகும்போது எல்லோரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் அலமாரிச் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாவியெல்லாம் வேண்டாம். தலையப் பிடி. ஒருக்களிச்சுத் திருப்பு. இறுக்காத, சும்மா பிடிச்சுக்க" என்றாள் அம்மா.

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மடியில் அவ்வளவு கனமாக இருந்தது. டாக்டர் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, "சரியாகும், இதோ சரியாகும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மழை நிற்பது போல இழுப்பு நின்றது. அந்த முகம் மெல்ல அமைதியானதை நான் மிக அருகில் பார்த்தேன். ஒரு மனிதர் எங்கிருந்தோ திரும்பி வருவதை முதன்முறையாகப் பார்த்தேன். புடவை ஓரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதை நானே தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: "யாருட்டி அது?"

சோதனை என்று புரிந்தது. "எனக்குத் தெரியாதும்மா."

"பொய் சொல்லச் சொல்லலை. தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயே சொல்லக் கூடாது. இனிமே இதை நாம பேச மாட்டோம்."

ஒன்று விடாமல் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் உறுதி எடுத்தேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை.

ஜூலை 6, சனி

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

சுடலைமுத்து மாமா வந்தார். நெற்றியில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். தலைவலியாம். டோக்கன் வாங்காமல் அம்மாவின் மேஜைமேல் சாய்ந்தார்.

"சக்தி, கணக்கு டீச்சருக்கு ஒரு இடம் பாத்திருக்கேன். மின்வாரியத்துல வேலை. தங்கமான பையன். அவுக வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாக. புள்ளைக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

இப்படி விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெண் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்பார்கள். பழைய டாக்டர் ஐயா, "தாராளமா முடிங்க" என்பார், இல்லாவிட்டால் மேலே பார்த்துப் பெருமூச்சு விடுவார். எத்தனையோ கல்யாணங்கள் அந்தப் பெருமூச்சில் நின்றிருக்கின்றன.

"யாரைப் பத்தியும் நாங்க சொல்றதில்லை அண்ணாச்சி."

"நான் என்ன பேப்பர்லயா போடப் போறேன்? ஆமா இல்லைன்னு தலைய ஆட்டு, போதும்."

அம்மா சுவரைக் காட்டினாள். மாமா நான்காவது விதியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சொல்ல முடியாதுன்னா என்னமோ இருக்குன்னுல்லா அர்த்தம்?"

"சொல்ல முடியாதுன்னா சொல்ல முடியாதுன்னு அர்த்தம்."

மாமா கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி ஒரு களை. பிறகு பார்த்தால், வீட்டுப்பாடத்தில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதியிருந்தேன். காரணத்தை எழுத முடியாது.

ஜூலை 13, சனி

சந்தோஷமான செய்தி. உலகம்மாள் சித்தியை இன்று பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்! சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். கிளினிக்குக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறாள். ஆரி வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. ஒரே ஒரு முறுக்குத்தான் சாப்பிட்டார், ஆனால் சித்தியைப் பார்த்து, "நீங்க போட்டிருக்கறது நீங்களே தைச்சதா?" என்று கேட்டார். சித்தி நாள் முழுக்கப் பாட்டாகவே இருந்தாள். இதற்கு முன் நான்கைந்து இடங்கள் தட்டிப்போயின. "இந்தக் கருவாச்சிய ஒருத்தன் பாத்துட்டான்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஜூலை 15, திங்கள்

சுடலைமுத்து மாமா மறுபடி வந்தார். இந்த இடமும் அவர் கொண்டுவந்ததுதான். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது, அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று பறந்தார்.

"மாப்பிள்ளையோட அம்மா விவரமான பொம்பளை. கிளினிக்ல கேட்டாச்சான்னு நிக்கா. இங்க நீயே இருக்கே, நான் வேற யார்ட்ட கேக்க? உலகம்மா நல்லாத்தான இருக்கா? சொல்லிரு, இப்பவே போன் போடுதேன்."

சித்திக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. "எங்க சித்திக்கு" என்று நான் வாயைத் திறந்தேன்.

"வல்லி, வாசல்ல தண்ணி கேன் வந்திருக்கான்னு பாரு."

நான் வாசலில் நின்றே கேட்டேன்.

"யாரைப் பத்தியும் நாங்க சொல்றதில்லை அண்ணாச்சி" என்றாள் அம்மா. அன்றைக்கு டீச்சர் விஷயத்தில் சொன்ன அதே குரல். ஒரு மாற்றம்கூட இல்லை.

"ஏய், உன் கூடப்பொறந்தவட்டி!"

"விதியில உறவுக்காரங்களும் உண்டு."

மாமா தலையைச் சொறிந்தார். "அப்ப நெசமாவே யாருக்கும் சொல்ல மாட்டியா? அடப்பாவமே. அந்த டீச்சர் விசயத்துல நான் வேற மாதிரில்லா நெனச்சு, அந்த இடத்தை நிறுத்தி வச்சிருக்கேன். சொந்தத் தங்கச்சிக்கே இதுதான்னா..." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உனக்குக் கிறுக்குத்தான் சக்தி. ஆனா இனி உன்கிட்ட வந்து நிக்கதுல பிரயோசனம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் போனதும் அம்மா கத்தரி, இடுக்கிகளைக் கொதிநீரில் போட்டாள். அவை ஏற்கெனவே கொதித்தவை.

ஜூலை 16, செவ்வாய்

தட்டு மாற்றவில்லை. சொந்த அக்காவே வாயைத் திறக்கவில்லை என்றால் என்னமோ இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாராம். ஆடி போகட்டும் பார்க்கலாம் என்றார்களாம்.

சித்தி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "ஒரே ஒரு வார்த்தைக்கா. 'நல்லாயிருக்கா'ன்னு ஒரு வார்த்தை. பொய்யா சொல்லச் சொன்னேன்?"

"அதைச் சொல்லிட்டா, சொல்லாம விட்டவங்களுக்கெல்லாம் என்னமோ இருக்குன்னு ஆயிரும் உலகு."

"விட்டவங்க யாரோ எவளோ. நான் உன் தங்கச்சி."

ரசம் ஆறிப்போனது.

எனக்குக் காரணம் தெரியும். சித்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னால் உடனே கோபம் தீர்ந்துவிடும். போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூலை 22, திங்கள்

சித்தி இன்னும் அம்மாவோடு பேசவில்லை. என் மூலமாகத்தான் பேசுகிறாள். "உங்கம்மாகிட்ட உப்பு வேணுமான்னு கேளு." மூன்றடி தூரத்தில் அம்மா நிற்கிறாள்.

ஜூலை 26, வெள்ளி

சித்தி கிளினிக்குக்கு வந்தாள்! கடையைப் பூட்டிவிட்டு, தெருவைக் கடந்து, அம்மாவிடம் டோக்கன் கேட்டாள். அம்மா கொடுத்தாள். வரிசையில் இருந்தாள். உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. இரவுச் சமையலின்போது அவளே சொன்னதால் எழுதுகிறேன். அது அவளுடைய விஷயம், அவள் சொல்லலாம்.

தனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இது உங்களைப் பத்தினது. கேட்டா தர்றது என் கடமை. வாங்கிட்டுப் போங்க" என்று பேனாவை எடுத்திருக்கிறார்.

"பேனாவ எடுத்ததும் எனக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி மூஞ்சி ஞாபகம் வந்துச்சு" என்றாள் சித்தி. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அம்மாவுக்காகச் சொன்னாள். "நான் ஒண்ணு வாங்கிட்டுப் போனா, நாளைக்கு ஊர்ல இருக்க அத்தனை பொண்ணுகிட்டயும் 'உன் சர்ட்டிபிகேட் எங்க'ன்னு நிப்பாரு. அவரு ஒருத்தர் போதும்லா. வேண்டாம் டாக்டர்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா. யாரோ ஒருத்தி இருக்கா, இல்ல?"

அம்மா உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்து முடித்த வெங்காயத்தையும் உரித்தாள்.

"சரி, சொல்லாத" என்றாள் சித்தி. பிறகு அம்மாவிடமிருந்து கத்தியை வாங்கி, "இந்தா, இப்படியா நறுக்குவ, கொண்டா" என்று உட்கார்ந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்துச் சித்தி சொன்ன முதல் வார்த்தை அது.

நூலகத்தில் வீரர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். குதிரை, வாள், கோட்டை எல்லாம் வரும். எங்கள் அடுப்படியில் ஒருத்தி வெங்காயம் நறுக்குவது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

கிளினிக்குக்கு ஒருவர் இன்னொருவரோடு வந்தார். இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். டாக்டர் அனுமதித்தார், வந்தவரே கேட்டதால். கதவு வெகு நேரம் சாத்தியிருந்தது. வெளியே வரும்போது மருந்து உறையை அந்த இன்னொருவர்தான் கையில் வைத்திருந்தார். வாசலில், "மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் போன்ல ஞாபகப்படுத்துதேன், சரியா?" என்று சொன்னார். அவர் சட்டைப் பையில் மின்வாரியத்து அடையாள அட்டை

இதை எழுதியிருக்கக் கூடாது. நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. சுடலைமுத்து மாமா வந்து, கூட்டுறவு வங்கி மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது என்று சொன்னார். சித்தி தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "சரி அண்ணாச்சி" என்றாள்.

"கவலைப்படாதத்தா, வேற இடம் ஒண்ணு பையிலேயே இருக்கு."

"இருக்கட்டும். என்னைப் பத்தித் தெரியணும்னா என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. நான் நல்லாவே பதில் சொல்லுவேன்."

"நீயும் உங்க அக்காவும்!" என்றார் மாமா. ஆனால் பையைத் திறந்து, அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். வாசுகி டீச்சருக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 24, சனி

வாசுகி டீச்சர் முகூர்த்தப் பட்டை எடுத்துக்கொண்டு சித்தியிடம் பிளவுஸ் தைக்க வந்தார். அரக்குச் சிவப்பு. நான் டேப்பைப் பிடித்தேன்.

"கைய லூசா விடுங்க டீச்சர். ஏன் இப்படி வெறச்சுப்போய் நிக்கீங்க? நான் என்ன கணக்கா கேக்கேன்?" என்றாள் சித்தி. டீச்சர் அப்படிச் சிரித்து நான் வகுப்பில் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே என்னையும் ஒரு தடவை பார்த்தார். நான் டேப்பில் இருந்த எண்களைப் பார்த்தேன்.

"கைக்கு முழுக்க ஆரி வேலை பண்ணித் தாரேன். கூலி கேட்டா அடிப்பேன். எங்க வல்லிக்குக் கணக்கு வர வச்சதே நீங்கதானாமே."

செப்டம்பர் 3, செவ்வாய்

நாளை டீச்சர் பிளவுஸை வாங்க வருகிறார். கிளினிக்கைச் சாத்தியதும் அம்மாவும் நானும் சித்தி கடைக்குப் போனோம். சித்தி பிளவுஸ் கையில் போட்ட மயிலின் கழுத்துக்குக் கடைசி மணிகளை வைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பின் மேல் தங்கக் கம்பி மினுமினுத்தது. இவ்வளவு அழகான ஒன்று எங்கள் தெருவில் இருந்து வெளியே போகும் என்று நான் நினைத்ததில்லை.

அம்மா ஊசியையும் கொக்கி டப்பாவையும் எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல்கடைக்குள் வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவள் அவள்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு? ஊசின்னா ஆளுக்குக் குத்தத்தான உனக்குத் தெரியும்?"

"கொக்கியாவது வைக்கேன். குடு."

அம்மா கொக்கி வைத்தாள். ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். மெஷினுக்கு மேலே பல்ப் மட்டும் எரிந்தது.

சித்தி பிளவுஸை இரு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "நான் இதுவரை தைச்சதுல இதுதாக்கா நல்லா வந்திருக்கு." அதை மடித்துக்கொண்டே, சும்மா ஏதோ நினைவு வந்தவள் போலச் சொன்னாள்: "அவ யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா எங்க இருந்தாலும் அந்தச் சிறுக்கி நல்லா இருக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். நான் தலையை மடியில் பிடித்த அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. சித்தி மடித்த சிவப்பைத் துணிப்பையில் வைத்து மேலே தட்டிக் கொடுத்தாள்.

"நேரமாச்சு. லைட்ட அமத்திட்டு வா வல்லி" என்றாள் அம்மா.

கடை விளக்கை அணைத்தேன். எதிரே கிளினிக் வாசலில் பச்சைக் கூட்டல் குறி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தெருவைக் கடந்து போய் அதையும் அணைத்தேன்.